மூங்கில் சுவரும் மூன்று வகை ரம்மும்

பசிபிக் தீவு ஒன்றில் கால்வைத்துவிட்டோம் என்று வாடிக்கையாளரைச் சில மணி நேரம் நம்பவைப்பதற்காகவே கட்டப்படும் அமெரிக்க மதுக்கூடத்துக்கு டீக்கி பார் என்று பெயர். பெரும்பாலும் அதோடு ஓர் உணவகமும் இருக்கும். மூங்கில் சுவர், கீற்றுக்கூரை, விழியை உருட்டும் மரச்சிலைகள், மங்கிய விளக்கு, எங்கோ தண்ணீர் விழும் ஓசை, முகம் செதுக்கிய பீங்கான் குவளையில் பழச்சாறு கலந்த ரம், இத்தனையும் கூடினால்தான் அது டீக்கி பார். பாலினீசியாவில் இப்படி ஒரு கடை மரபாக இருந்ததே இல்லை. வடக்கே ஹவாய், தென்கிழக்கே ஈஸ்டர் தீவு, தென்மேற்கே நியூசிலாந்து ஆகிய மூன்று முனைகளுக்கு நடுவே சமோவா, டோங்கா, டஹிட்டி, மார்க்கெசஸ் எனச் சிதறிக் கிடக்கும் அந்தத் தீவுகளின் மக்கள், ஐரோப்பியர் வரும்வரை சாராயம் காய்ச்சியதில்லை. மிளகும் வெற்றிலையும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த காவா என்ற செடியின் வேரை இடித்து, நீரில் கரைத்துக் குடிப்பதுதான் பல தீவுகளில் வழக்கம். அது நாக்கை மரக்கச் செய்யும், உடம்பைத் தளர்த்தும், அவ்வளவுதான். டீக்கி பார் பிறந்த ஊர் கலிபோர்னியா. அதன் ரம் கரீபியத் தீவுகளிலிருந்தும், சமையல் சீனத்தின் கான்டன் பகுதியிலிருந்தும், மதுவைக் கலக்கும் கைகள் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவை.

இந்த வகைக்கு இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பெரிய சான்று, ஃப்ளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் உள்ள மாய்-காய். சிக்காகோ பக்கத்திலிருந்து வந்த பாப், ஜாக் தார்ன்டன் சகோதரர்கள் 1956 டிசம்பர் 28 அன்று அதைத் திறந்தார்கள். நெடுஞ்சாலையோரம் வானைப் பார்த்து நிமிரும் முக்கோணக் கூரை, அதன் கீழே தீப்பந்தங்கள், உள்ளே போகப் போகத் தனித்தனி உணவறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு தீவின் பெயர். வெளியே செயற்கை அருவிகளும் சிலைகளும் கொண்ட தோட்டம். மொலக்காய் என்ற மதுக்கூடம் பழைய பாய்மரக் கப்பலின் உட்புறம்போல மரக்கட்டைகளாலும் கயிறுகளாலும் அமைந்தது. அதன் கண்ணாடிச் சன்னல்களின் மேல் ஓயாமல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். வெளியே ஃப்ளோரிடாவின் வெயில் கொளுத்தினாலும் உள்ளே அடைமழைக் காலம்தான்.

சாதாரண உணவகங்கள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். டீக்கி பார் தெருவை முற்றாக மறைக்கும். வாசலில் பெரும்பாலும் ஒரு சிறு பாலமோ வளைந்த இருட்டு வழியோ இருக்கும். தெருவைக் காட்டும் சன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. வெளிச்சத்திலிருந்து வருகிறவர்களின் கண் பழகவே இரண்டு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் கூரையில் தொங்குபவை தெரியும்: ஊதிக் காயவைத்த பேத்தை மீனுக்குள் விளக்கு, சப்பானிய மீனவர்கள் வலையில் கட்டும் கண்ணாடி மிதவைகள், மரப்பட்டையை அடித்துச் செய்யும் டாப்பா துணி, தாழை ஓலையில் பின்னிய பாய். ஊன்றிப் பார்த்தால் குழப்பமும் தெரியும். ஈஸ்டர் தீவின் கல்முகங்களின் சாயலுக்குப் பக்கத்திலேயே பாப்புவா நியூ கினியின் கேடயம் இருக்கும். பாப்புவா பாலினீசியாவே அல்ல, மெலனீசியா. இந்தச் செதுக்கல்களில் பெரும்பகுதி தீவுகளிலிருந்து வரவுமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் அருகே விட்டியர் நகரில் 1956இல் லெராய் ஷ்மால்ட்ஸும் பாப் வான் ஊஸ்டிங்கும் தொடங்கிய ஓஷியானிக் ஆர்ட்ஸ் என்ற பட்டறைதான் அமெரிக்காவின் டீக்கி பார்கள் பலவற்றுக்கும் டிஸ்னி நிறுவனத்துக்கும் சிலை செதுக்கித் தந்தது. அருங்காட்சியகங்களில் உள்ள சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கைகள் அவை. பட்டறை 2021 வரை இயங்கியது.

இந்த நாடகத்தை முதலில் அரங்கேற்றியவர் எர்னஸ்ட் ரேமண்ட் போமான்ட் காண்ட். 1907இல் பிறந்தவர், இளவயதில் கரீபியனிலும் பசிபிக்கிலும் கப்பலேறிச் சுற்றியவர். 1920 முதல் அமெரிக்காவில் இருந்த மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியதும், ஹாலிவுட்டில் ‘டான்ஸ் பீச்கோம்பர்’ என்ற சின்னஞ்சிறு கடையைத் திறந்தார். கடலோரம் பொறுக்கிய உடைந்த படகுத் துண்டுகளும் மீன்வலைகளும்தான் அலங்காரம். சினிமாக்காரர்கள் கூடும் ஊர் என்பதால் காட்சியமைப்பின் மதிப்பை அவர் நன்றாக அறிந்திருந்தார். தகரக் கூரையின்மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மழைச் சத்தம் உண்டாக்குவாராம். மழை விடட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு குவளை கேட்பார்கள். ரம்மை அவர் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருந்தது. விஸ்கி பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிர வேண்டும், மதுவிலக்கால் அந்தக் கையிருப்பு வற்றியிருந்தது. கரீபியக் கிடங்குகளிலோ நல்ல ரம் மலிவாகத் தேங்கிக் கிடந்தது. 1937இல் எதிர்ப்புறத்தில் பெரிய இடத்துக்கு மாறியபோது கடை ‘டான் த பீச்கோம்பர்’ ஆயிற்று. அவரும் சட்டப்படி டான் பீச் என்று பெயரை மாற்றிக்கொண்டார். கடையைச் சங்கிலியாக வளர்த்தவர் அவரல்ல, அவரிடமிருந்து மணவிலக்குப் பெற்ற மனைவி சன்னி சண்ட். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டான் ஹவாய்க்குப் போய் வைக்கீக்கியில் தனிக்கடை நடத்தினார். 1989இல் ஹொனலூலுவில் இறந்தார்.

இரண்டாமவர் விக்டர் பெர்ஜரான். சிறுவயதில் காசநோயால் ஒரு காலை இழந்தவர். 1934இல் ஓக்லாந்தில் ‘ஹிங்க்கி டிங்க்ஸ்’ என்ற சிறு உணவுக்கடை வைத்திருந்தார். டானின் கடையைப் பார்த்துவந்த பிறகு தன் கடையையும் தீவாக மாற்றி ‘டிரேடர் விக்ஸ்’ என்று பெயரிட்டார். டான் கனவு காண்பவர் என்றால் விக் வியாபாரி. ஹில்டன் ஓட்டல்களோடு கைகோத்து நகரம் நகரமாகக் கிளை திறந்தார். லண்டன் ஹில்டனின் அடித்தளத்தில் 1963இல் திறந்த கிளை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1983இல் கலிபோர்னியா வந்த எலிசபெத் அரசி சான் ஃபிரான்சிஸ்கோவின் டிரேடர் விக்ஸில் விருந்துண்டார். விக்கின் புகழுக்கு அடித்தளம் 1944இல் அவர் கலந்த மாய் டாய். பதினேழு ஆண்டு முதிர்ந்த ஜமைக்கா ரம், ஓர் எலுமிச்சையின் சாறு, ஆரஞ்சுத் தோல் மணக்கும் குராசோ மது, பாதாம் பாகு, கொஞ்சம் கற்கண்டுப் பாகு, பொடித்த ஐஸ். அவ்வளவுதான். அன்னாசிச் சாறு அதில் கிடையாது. 1953இல் ஹவாயின் ஓட்டல்களுக்கு அந்தப் பானம் போனபின்தான் அன்னாசி வந்து ஒட்டிக்கொண்டது. இன்று கடற்கரை விடுதிகளில் மாய் டாய் என்று தரப்படும் செக்கச்சிவந்த இனிப்புத் தண்ணீரை விக் ஏற்றிருக்க மாட்டார். அந்தப் பானமே தன்னுடையது என்று டான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரின் கலவைகளையும் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பெரிய உறவில்லை.

டீக்கி மது பார்வைக்கு விளையாட்டாக இருக்கும், கட்டுமானம் அப்படியல்ல. ஜமைக்காவில் நெடுங்காலம் சொல்லப்பட்டுவரும் ‘பிளான்டர்ஸ் பஞ்ச்’ சூத்திரத்திலிருந்து அது தொடங்குகிறது: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, வீரியம் மூன்று, தண்ணீர் நான்கு. டான் செய்தது இந்த ஒவ்வொரு பங்கையும் பல கூறுகளாகப் பிரித்தது. ஒரு ரம் செய்யாததை மூன்று ரம் சேர்ந்து செய்யும் என்பது அவர் கண்டுபிடிப்பு. 1934இல் அவர் உருவாக்கிய ஸோம்பி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலேசான போர்ட்டோ ரிக்கோ ரம் உடலைத் தருகிறது. பழுத்து அழுகிய வாழைப்பழ வாசனையுள்ள ஜமைக்கா ரம் மணத்தைத் தருகிறது. நூற்றுக்கு 75 பங்கு ஆல்கஹால் கொண்ட டெமெராரா ரம் புகை கலந்த கசப்பையும் உதையையும் தருகிறது. அவற்றோடு எலுமிச்சைச் சாறு, கிராம்பும் இஞ்சியும் சேர்ந்த ஃபலர்னம் பாகு, மாதுளைப் பாகு, பட்டைப் பாகு, பம்ப்ளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட்டின் சாறு, சோம்பு மணக்கும் மது சில சொட்டுகள், பிட்டர்ஸ் ஒரு துளி. எல்லாவற்றையும் மில்க் ஷேக் அடிக்கும் இயந்திரத்தில் பொடி ஐஸோடு சில நொடிகள் மட்டும் சுழற்ற வேண்டும். கூட ஐந்து நொடி போனால் தண்ணீர் விட்டுவிடும். பட்டையும் கிராம்பும் புளிப்பும் சேர்ந்து மதுவின் காரத்தை முழுவதும் மூடிவிடுவதால், குடிப்பவருக்குத் தான் எவ்வளவு குடித்தோம் என்றே தெரியாது. ஒருவருக்கு இரண்டு ஸோம்பிக்கு மேல் கிடையாது என்று டான் விதித்த கட்டுப்பாடு நல்ல விளம்பரமும்கூட. ஆனால் தேவையற்றதும் அல்ல.

டெமெராரா ரம்மின் ஊர் தென் அமெரிக்காவின் கயானா. அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சிறு பகுதியினர் சென்னையில் ஏறிய தமிழரும் தெலுங்கரும். அவர்களின் வழிவந்தோர் அங்கே இன்றும் ‘மதராசிகள்’ என்றே அறியப்படுகிறார்கள். மாரியம்மன் வழிபாடும் தொடர்கிறது. அந்தப் பழைய தோட்டங்களில் ஒன்றான போர்ட் மொரான்ட்டின் பெயரைத் தாங்கிய மரத்தாலான வடிகலன் இன்னமும் கயானாவில் ரம் வடித்துக்கொண்டிருக்கிறது. டீக்கி பாரின் உணவுப் பட்டியலில் பசிபிக்தான் பேசும், குவளைக்குள் பேசுவது கரீபியனின் தோட்ட வரலாறு.

கலப்பவர்களைப் பற்றி அந்தப் பட்டியல் வாயே திறக்காது. 1898இல் பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்குப் போனதால் பிலிப்பினோக்கள் தடையின்றி அமெரிக்கா வரமுடிந்தது. 1934இல் வந்த சட்டம்தான் ஆண்டுக்கு 50 பேர் என்று கதவைச் சாத்தியது. வந்தவர்களுக்குப் பண்ணை, சமையலறை, ஓட்டல் தவிர வேறு வேலை எளிதில் கிடைக்கவில்லை. டானின் கடையில் மதுக் கலப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பரிமாறும் மேடையில் அல்ல, பின்கட்டில், யார் கண்ணிலும் படாமல். டானுக்குக் களவு பயம் இருந்தது. ஆகவே சரக்குகளைப் பெயரில்லாத புட்டிகளில் ஊற்றி, ‘டான்ஸ் மிக்ஸ்’, ‘ஸ்பைசஸ் 4’ என்று குறியீடு மட்டும் ஒட்டிவைத்தார். எந்தப் புட்டியிலிருந்து எத்தனை அவுன்ஸ் என்பது கலப்பவருக்குத் தெரியும். உள்ளே என்ன என்பது தெரியாது. வேறு கடைக்குப் போனால் செய்முறைச் சீட்டு வெறும் காகிதம். ஆனாலும் கூர்மையான நாக்கும் நினைவாற்றலும் உள்ளவர்களை எவ்வளவு காலம் கட்டிவைக்க முடியும்? டானின் சிக்காகோ கிளையிலிருந்து மரியானோ லிக்குடினேயை அழைத்துவந்துதான் தார்ன்டன் சகோதரர்கள் மாய்-காயைத் தொடங்கினார்கள். அதன் மதுப்பட்டியல் பெரும்பாலும் அவர் கைவண்ணம். ஹாலிவுட் கடையின் ஆரம்பக் காலத்தவரான ரே புஹென் 1961இல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் சாலையில் டீக்கி-டீ என்ற சொந்தக் கடையைத் திறந்தார். மேடையோரம் பன்னிரண்டே முக்காலிகள் கொண்ட அந்தச் சிற்றறையை இன்றும் அவர் குடும்பமே நடத்துகிறது.

சாப்பாட்டுக்கு வந்தால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. பூப்பூ தட்டு என்பது கட்டாயம் வரவழைக்க வேண்டிய முதல் பதார்த்தம். சுழலும் மரத்தட்டின் நடுவில் சிறு கரியடுப்பு எரியும். சுற்றிலும் பன்றி விலா, முட்டை ரோல், ருமாக்கி, கிராப் ரங்கூன். ருமாக்கி என்பது கோழி ஈரலையும் நீர்க்கொட்டையையும் பன்றியிறைச்சிச் சீவலில் சுற்றிச் சுட்டது. கிராப் ரங்கூன், நண்டும் கிரீம் சீஸும் வைத்து மடித்துப் பொரித்த சீன மாவுப்பொட்டலம்; டிரேடர் விக்ஸ் பரப்பியது. ரங்கூன்காரர் எவரும் அதைக் கண்டதில்லை, கிரீம் சீஸ் பர்மியச் சமையலில் இல்லவே இல்லை. அமெரிக்கர்களுக்கு ஏற்கெனவே பழகிய கான்டன் சமையலையே தீவு உணவாக வேடம் போட்டுப் பரிமாறினார்கள்; கலிபோர்னியாவில் தேர்ந்த சீனச் சமையற்காரர்களும் இருந்தார்கள். மாய்-காயில் விறகெரியும் சீனச் சூளைகளில் இறைச்சியைத் தொங்கவிட்டு வாட்டுவது தொடக்கம் முதலே சிறப்பு. உண்மையான பாலினீசியச் சமையல் வேறு: சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, வாழை, மண்ணைத் தோண்டிச் சூடான கற்களுக்கிடையே இலைபோட்டு மூடி வேகவைத்த மீனும் பன்றியும், எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் பிழிந்த பச்சை மீன். அந்தப் பட்டியலைத் தமிழ்ச் சமையற்கட்டு உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அமெரிக்க வாடிக்கையாளருக்குத்தான் அது அந்நியம்.

ஹாலிவுட்டின் ஒரு தெருவில் இருந்த விசித்திரம் நாடு முழுதும் பரவக் காரணம் இரண்டாம் உலகப் போர். லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் பசிபிக் தீவுகள் வழியே போய்வந்தார்கள். கொசுவும் சேறும் மரணமும் மறந்து, தென்னையும் கடலும் மட்டும் நினைவில் தங்கிய தலைமுறை அது. ஜேம்ஸ் மிச்னர் போர்க்காலத் தீவுகளை வைத்து 1947இல் எழுதிய கதைத்தொகுப்பு புலிட்சர் பரிசு பெற்றது. 1949இல் அதுவே ‘சவுத் பசிபிக்’ என்ற இசை நாடகமாயிற்று. அதே 1947இல் நார்வேக்காரரான தோர் ஹையர்டால் கோன்-டீக்கி என்ற கட்டுமரத்தில் பெருவிலிருந்து பாலினீசியாவுக்கு மிதந்துபோனார். பாலினீசியர் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்ற அவர் கொள்கையை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அவர் புத்தகமோ உலகெங்கும் விற்றது. 1959இல் ஹவாய் மாநிலமாயிற்று. ஜெட் விமானமும் அங்கே போகத் தொடங்கியது. மார்ட்டின் டென்னி என்ற பியானோ கலைஞர் ஹொனலூலுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது குளத்துத் தவளைகள் இடையில் கத்தின. இசைக்குழுவினர் பறவைக் குரலெழுப்பிப் பதில் சொன்னார்கள். கேட்டவர்கள் அதையே திரும்பக் கேட்டார்கள். 1957இல் வெளிவந்த அவருடைய ‘எக்ஸாட்டிக்கா’ இசைத்தட்டு டீக்கி பார்களின் பின்னணி ஓசையாகவே ஆகிவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபேர்மான்ட் ஓட்டலின் டோங்கா ரூம் இவற்றுக்கும் முந்தியது. 1929இல் கட்டிய நீச்சல் குளத்தை 1945இல் ஒரு சினிமா அரங்க அமைப்பாளர் உப்பங்கழியாக மாற்றினார். இசைக்குழு ஓலைக்கூரைத் தெப்பத்தில் மிதந்துவரும். அவ்வப்போது இடியிடித்து மழை பெய்யும். இன்றும் அப்படித்தான்.

மாய்-காயில் இரவு விருந்தோடு நடக்கும் நடனம் 1960களின் தொடக்கத்திலிருந்து தொடர்வது. அதை நெடுங்காலம் அமைத்தவர் டஹிட்டியில் பிறந்த மிரேய். நடனக்காரியாக வந்து, பாப் தார்ன்டனை மணந்தவர். அலங்காரமும் உணவும் எவ்வளவு பொய்யானாலும் இந்த மேடையில் உண்மை கணிசமாக உண்டு. டஹிட்டியின் ஒட்டியா நடனத்தில் மரத்தம்பட்டங்கள் முழங்க இடுப்பு மட்டும் அதிர்கிறது, தோள் அசைவதில்லை. ஹவாயின் ஹூலா வேறு: அது கையாலும் கண்ணாலும் கதை சொல்கிறது. கடைசியில் வருவது சமோவாவின் தீக்கத்தி. போர்வீரர் சுழற்றும் கொக்கிக் கத்தியின் இருமுனையிலும் தீமூட்டிச் சுழற்றும் வழக்கம் பழையதல்ல. 1946இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃப்ரெடி லெட்டூலி என்ற சமோவா இளைஞர், தீ விழுங்கும் ஓர் இந்தியரையும் கோல் சுழற்றும் சிறுமியையும் பார்த்து இரண்டையும் இணைத்தார் என்பார்கள். மேடைக்காகப் பிறந்த அந்தக் கலை பிறகு தீவுகளுக்கே திரும்பிப் போயிற்று. 1993 முதல் ஹவாயின் லாயே நகரில் அதற்கு உலகப் போட்டி நடக்கிறது. சுற்றுலா மேடையில் தோன்றியது என்பதால் அதைப் போலி என்று ஒதுக்கச் சமோவியர்கள் தயாராக இல்லை.

1970களில் மோகம் வடிந்தது. அப்பன்மார் குடித்த இடத்தில் குடிக்கப் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. வியட்நாம் போருக்குப் பின் மூங்கிலும் ஓலையும் வேறு காட்சிகளை நினைவூட்டின. கடைகளும் புதுச்சாறு பிழிவதை விட்டுவிட்டுப் புட்டியில் வரும் செயற்கைக் கலவைக்கு மாறின. பெயர் கெட்டதற்கு இதுவே முதற்காரணம் எனலாம். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1961இல் படகைக் கவிழ்த்ததுபோல எழுந்த காஹிக்கி, தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இருந்தும் தப்பவில்லை. 2000இல் மூடி, இடித்து, அந்த இடத்தில் மருந்துக்கடை கட்டினார்கள்.

அதே ஆண்டில் ஸ்வென் கிர்ஸ்டன் ‘த புக் ஆஃப் டீக்கி’ என்ற படநூலை வெளியிட, பழைய குவளைகளையும் தீப்பெட்டிகளையும் சேகரித்துக்கொண்டிருந்த சிலரின் பித்து ஓர் ஆய்வுத்துறையாயிற்று. ஜெஃப் பெரி என்பவர் டானின் சங்கேதப் புட்டிகளைத் துருவத் தொடங்கினார். முதிய பிலிப்பினோ பரிமாறுநர்களைத் தேடிப் பேசினார். டானிடம் வேலைபார்த்த டிக் சான்டியாகோவின் 1937ஆம் ஆண்டுச் சட்டைப்பைக் குறிப்பேடு அவர் கைக்கு வந்தது. அதிலும் ‘டான்ஸ் மிக்ஸ்’ என்றுதான் இருந்தது. அது கிரேப்ஃப்ரூட் சாறு இரண்டு பங்கும் பட்டைப் பாகு ஒரு பங்கும் என்று உறுதிசெய்யப் பின்னும் உழைக்க வேண்டியிருந்தது. 2007இல் அவர் வெளியிட்ட நூலில் பழைய ஸோம்பி முதன்முறையாக எல்லோருக்கும் கிடைத்தது. 2009இல் மார்ட்டின் கேட் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்மக்லர்ஸ் கோவ் திறந்தார். பெரி 2014இல் நியூ ஆர்லியன்ஸில் லாட்டிட்யூட் 29 திறந்தார்.

மீண்டு வந்ததோடு கேள்விகளும் வந்தன. மாவோரி, மார்க்கெசஸ் மரபுகளில் டீக்கி முதல் மனிதன். முன்னோர் உருவங்களும் அந்தப் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஹவாயின் கூ, லோனோ தெய்வங்கள். ஈஸ்டர் தீவின் கல்முகங்கள் முன்னோர்கள். 1819இல் ஹவாயில் பழைய சமய ஒழுங்கு முறிக்கப்பட்டபோது பெரும்பாலான தெய்வ உருவங்கள் எரிக்கப்பட்டன. தப்பியவை பல ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றின் சாயல்தான் பீங்கான் குவளையாகி, தலையில் உறிஞ்சுகுழல் செருகப்படுகிறது. ஹவாயின் முடியாட்சியை 1893இல் அமெரிக்க வியாபாரிகள் கடற்படை வீரர்களின் துணையோடு கவிழ்த்ததும், ஃபிரான்ஸ் 1966 முதல் 1996 வரை தன் ஆட்சியிலுள்ள பாலினீசியத் தீவான மொருரோவாவிலும் பக்கத்துத் தீவிலுமாக 193 அணுவெடிச் சோதனைகள் நடத்தியதும் டீக்கி பாரின் சுவர்களில் இடம்பெறாத பசிபிக். சில கடைகள் தெய்வமுகக் குவளைகளைக் கைவிட்டு, தங்களை வெப்பமண்டல பார் என்று மட்டும் சொல்லிக்கொள்ளத் தொடங்கியுள்ளன. சிலைகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ரம் கடைதானே என்று இன்னொரு சாரார் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் டீக்கி பாரை அமெரிக்க நாட்டுப்புறக் கலையாகப் பார்ப்பதே நேர்மையான வழி: அது தீவுகளைப் பற்றிச் சொல்வது கொஞ்சம், அந்தத் தீவுகளைக் கனவு கண்ட நகரங்களைப் பற்றிச் சொல்வது ஏராளம்.

மாய்-காய் 2014இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 2020 அக்டோபரில் சமையற்கூடத்தின் கூரை இடிந்து மூடப்பட்டு, புதுப்பித்தபின் 2024 நவம்பரில் மீண்டும் திறந்தது. நடனத்தோடு சாப்பிட முன்பதிவு அவசியம். மேடைக்கு வருமுன் மொலக்காய் மதுக்கூடத்தில் சிறிது நேரம் உட்காருவது பழைய வாடிக்கையாளர்களின் வழக்கம். டீக்கி பார்கள் பலவற்றில் பானங்களின் வீரியம் பட்டியலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு வரவழைப்பது நல்லது. நீண்ட உறிஞ்சுகுழல்களோடு நடுவே சுடர் எரிய வரும் பெருங்கிண்ணம் மூன்று நான்கு பேர் பகிர்வதற்கானது. மாய்-காயில் அப்படி ஒன்று ‘மர்மப் பானம்’ என்ற பெயரில் உண்டு: சேகண்டி அடிக்கப்படும், மாலையணிந்த பெண் கிண்ணத்தோடு ஆடிக்கொண்டே வந்து மேசையில் வைப்பாள். மது அருந்தாதவர்களுக்கு அதே பாகுகளையும் சாறுகளையும் கொண்டு ரம் இல்லாமல் கலந்து தரும் கடைகளும் உண்டு. பட்டையும் பாதாமும் ஃபலர்னமும் இருப்பதால் அவை வெறும் பழச்சாறாக இருப்பதில்லை. குவளைகளை நுழைவாயிலருகே விற்பார்கள். பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களால் கடைகளுக்கு நிரந்தரத் தலைவலி. டீக்கி-டீயில் உணவே கிடையாது. ‘ரேயின் தவறு’ என்று பெயரிட்ட பானத்தின் செய்முறையை அந்தக் குடும்பம் இன்னும் வெளியிடவில்லை. அமெரிக்கா வரை போகாதவர்களுக்கு டிரேடர் விக்ஸின் கிளைகள் துபாய், அபுதாபி போன்ற வளைகுடா நகரங்களில் பல ஆண்டுகளாக நடந்துவந்திருக்கின்றன. எங்கே போனாலும் கடையின் தரத்தைச் சோதிக்க மாய் டாய் போதும். 1944ஆம் ஆண்டு முறையில் கலந்தால் அதன் நிறம் தேநீரை ஒத்திருக்கும், மேலே புதினாக்கொத்தும் பிழிந்த எலுமிச்சை மூடியும் மட்டும் இருக்கும். செர்ரியும் அன்னாசித் துண்டும் செருகிச் சிவப்பாக வந்தால், பின்கட்டில் புட்டிக் கலவைதான் ஓடுகிறது.